ரிப்பன் மாளிகை நடைப்பயணம்: ஒரு பழைய மேஸ்திரியின் மதிப்பீடு

நான் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது என் மகளுக்குப் பொறுக்கவில்லை. தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சென்னை மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் மாளிகையைச் சுற்றிக் காட்டும் நடைப்பயணத்துக்கு என் பெயரைப் பதிவு செய்து, பணத்தையும் கட்டிவிட்டு, அதன் பிறகுதான் என்னிடம் சொன்னாள். ஆளுக்கு 500 ரூபாய். "ஆயிரம் தடவை பார்த்த கட்டடத்துக்கு ஐந்நூறு ரூபாயா?" என்று கேட்டேன். "பஸ்ஸில் போகும்போது பார்த்தது கணக்கில் வராது அப்பா" என்றாள். யோசித்துப் பார்த்தால் நான் அதற்குள் கால் வைத்ததே இரண்டு முறைதான். இரண்டும் அவளுடைய பிறப்புச் சான்றிதழுக்காக.

நான் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் வரும் குறைகள் எல்லாம் வயதானவரின் முணுமுணுப்பாகத் தெரியும். தேவகோட்டைப் பக்கம் பிறந்தவன். அப்பா செட்டிநாட்டு வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சு பூசிய கொத்தனார். நான் சென்னைக்கு வந்து கையாளாகச் சேர்ந்து, கொத்தனாராகி, மேஸ்திரியாகி, பெரம்பூர், அயனாவரம் பகுதிகளில் சின்னச் சின்ன வீடுகளைக் குத்தகைக்கு எடுத்துக் கட்டிக் கொடுத்தவன். பிழைத்தது சிமெண்டில், சிறு வயதில் கை வைத்தது சுண்ணாம்பில். இரண்டும் தெரியும் என்ற துணிச்சலில்தான் எழுதுகிறேன்.

நடைப்பயணத்தை நடத்தும் குழுவின் பெயரை எழுதப் போவதில்லை. வழிகாட்டியாக வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். நல்ல பிள்ளை. நான் சொல்லும் குறையால் அவர் பிழைப்பில் மண் விழக் கூடாது.

காலை 7 மணிக்கு சென்ட்ரல் மெட்ரோ நிலைய வாசலில் கூட வேண்டும். பதிவில் பன்னிரண்டு பேர் என்று போட்டிருந்தார்கள். நான் எண்ணினேன்: இருபத்து மூன்று. வழிகாட்டியிடம் ஒலிபெருக்கி இல்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலை ஞாயிற்றுக்கிழமை என்பதற்காக ஓய்வெடுக்கும் சாலையும் இல்லை. முதல் பத்து நிமிடம் அவர் வாயசைப்பதைத்தான் பார்த்தோம். பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, "தம்பி, வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும்" என்று அதட்டிய பிறகு குரல் உயர்ந்தது.

நேரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு மட்டும் முழு மதிப்பெண் கொடுக்கிறேன். அவர்கள் தெரிந்து செய்தார்களா, வெயிலுக்குப் பயந்து செய்தார்களா என்பது வேறு விஷயம். மாளிகையின் முகப்பு தெற்கே பார்த்தது. தை மாதத்துச் சூரியன் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வரும். வெள்ளைக் கட்டடத்தில் வேலைப்பாடு என்பதெல்லாம் நிழல்தான். உச்சி வெயிலில் பார்த்தால் சுவர் முழுவதும் வெளுத்துக் கண்ணைக் கூசும். தூணும் சுவரும் ஒன்றோடொன்று கரைந்துவிடும். காலை ஏழரை மணிக்கு ஒவ்வொரு வளைவும், சுவரில் துருத்தி நிற்கும் ஒவ்வொரு கார்னிஸ் பட்டையும் பக்கத்தில் ஒரு கோடு நிழல் போட்டுக்கொண்டு தனித்தனியாக எழுந்து நிற்கிறது. இத்தனை வருடம் பஸ் ஜன்னலில் நான் பார்த்தது ஒரு பெரிய வெள்ளைப் பெட்டி. அன்றைக்குப் பார்த்தது வேறு கட்டடம்.

வரலாற்றுப் பகுதியைத் தம்பி நன்றாகவே சொன்னார். ரிப்பன் பிரபு 1880 முதல் 1884 வரை வைஸ்ராயாக இருந்தவர். ஊர் நிர்வாகத்தை ஊராரே தேர்ந்தெடுத்தவர்கள் பார்க்கட்டும் என்று 1882இல் தீர்மானம் கொண்டுவந்தவர். அந்த நன்றிக்காகத்தான் மாநகராட்சிக் கட்டடத்துக்கு அவர் பெயர். கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியது அப்போதைய வைஸ்ராய் மிண்டோ பிரபு, 1909 டிசம்பரில். திறந்து வைத்தது அவருக்குப் பின் வைஸ்ராயாக வந்த ஹார்டிஞ்ச் பிரபு, 1913 நவம்பரில். அதற்கு முன்பு மாநகராட்சி எர்ரபாலு செட்டித் தெருவில் இயங்கியது. இதெல்லாம் பெயர்ப்பலகையில் படிக்கக் கூடியதுதான். ஆனால் ஹார்டிஞ்ச் பெயர் வந்ததும் தம்பி நிறுத்தி ஒரு கதை சொன்னார் பாருங்கள், அங்கேதான் 500 ரூபாயில் பாதி எனக்குத் திரும்பி வந்தது.

1912 டிசம்பரில் டெல்லிக்குள் யானை மீது ஊர்வலமாகப் போனபோது இதே ஹார்டிஞ்ச் மீது குண்டு வீசினார்கள். படுகாயத்தோடு உயிர் தப்பினார். ஒரு வருடம் கூட ஆகாத நிலையில்தான் இந்தக் கட்டடத்தைத் திறக்க வந்து நின்றிருக்கிறார். அதே நவம்பரில், இதே சென்னையில் பேசும்போது, தென்னாப்பிரிக்காவில் சத்தியாகிரகம் செய்துகொண்டிருந்த இந்தியர்கள் பக்கம் நின்று, அங்குள்ள சட்டங்கள் நியாயமற்றவை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். ராஜப் பிரதிநிதி இப்படிப் பேசலாமா என்று லண்டன் வரைக்கும் எரிச்சல். அந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர்களில் பலர் தமிழர்கள். தில்லையாடி வள்ளியம்மை அடுத்த பிப்ரவரியில் இறந்துபோனார். ரிப்பன் மாளிகை வாசலில் நின்று இதைக் கேட்டபோது, திறப்பு விழா என்றால் ரிப்பனும் கத்தரிக்கோலும் என்றிருந்த என் நினைப்பு மாறியது.

ஆனால் அதற்கு முந்தைய இருநூறு வருடத்தை இரண்டே நிமிடத்தில் ஓட்டிவிட்டார். சென்னை மாநகராட்சி 1688இல் செயல்படத் தொடங்கியது. அதற்கு முந்தைய டிசம்பரில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் பட்டயம் கொடுத்தார். முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன். இவ்வளவு சொன்னார். அந்த முதல் மன்றத்தில் ஆங்கிலேயரோடு போர்த்துகீசியரும், யூத வைர வணிகரும், நம் ஊர் வணிகரும் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. எனக்கு ஊர்க் கூட்டம் என்றால் ஆலமரத்தடியில் பத்துப் பேர். கோட்டைக்குள் இத்தனை பாஷைக்காரர்கள் ஒரே மேசையில் வரி பற்றிச் சண்டை போட்டிருப்பார்கள் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது. இந்தக் கட்டடத்தின் கதை அங்கேதான் தொடங்குகிறது, 1909இல் இல்லை.

இனி என் சண்டைக்கு வருகிறேன்.

முகப்புக்கு அருகே போனதும் தம்பி கையை வீசி, "இவ்வளவும் வெள்ளைக் கல்" என்றார். கூட்டத்தில் நாலு பேர் தலையாட்டினார்கள். நான் பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. "தம்பி, இது கல் இல்லை. செங்கல். மேலே சுண்ணாம்புப் பூச்சு" என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். "இல்லை சார், பாருங்கள், கல் மாதிரியே..." "கல் மாதிரி இருக்க வேண்டும் என்றுதானே பூசியிருக்கிறார்கள்!"

அவர் மீது தவறில்லை; ஊரே அப்படித்தான் நினைக்கிறது. இந்தச் சுவர்கள் சூளைச் செங்கலை வைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டி, சுண்ணாம்பிலேயே பூசியவை. இதில் குறைந்துபோக ஒன்றும் இல்லை. கல்லைச் செதுக்கினால் கல்தச்சன் பெருமை; செங்கல்லைக் கல்லாக நம்ப வைத்தால் கொத்தனாரின் பெருமை. சென்னையில் அந்தக் கை இருநூறு வருடத்துக்கு மேல் பேர் பெற்ற கை. கடற்கரைக் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பில், பளிங்கு போலப் பூசிய சுவர்களைப் பார்த்துவிட்டு வெள்ளைக்காரர்கள் ஊருக்குக் கடிதம் எழுதினார்கள். 'மெட்ராஸ் சுனாம்' என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். நம் சுண்ணாம்பு என்ற சொல்தான் அவர்கள் வாயில் அப்படி ஆனது.

அப்பா பூசியதை நான் பார்த்திருக்கிறேன். சுட்ட சுண்ணாம்பைத் தொட்டித் தண்ணீரில் போட்டு நீற்றும்போது அது உலை போலக் கொதிக்கும். எங்களை அந்தப் பக்கம் விட மாட்டார்கள். நீறிய சுண்ணாம்பை நாள் கணக்கில் ஊறவிட்டு, மணலோடு சேர்த்துச் செக்கில் அரைப்பார்கள். மாடு சுற்றிச் சுற்றி வரும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து, நறநறப்பு இல்லை என்றால்தான் அப்பா தலையசைப்பார். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் ஒரு பானையில் தனியாக இருக்கும். அதன் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. முதல் பூச்சு கரடாக, அடுத்தது மெல்லியதாக, கடைசிப் பூச்சு வெண்ணெய் மாதிரி. அது இறுகுவதற்கு முன் கூழாங்கல்லை வைத்துத் தேய்க்கத் தொடங்கினால் பொழுது சாயும் வரை தேய்க்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் அந்த இடம் காலத்துக்கும் தனியாகத் தெரியும். ராத்திரி அப்பா விரல் இடுக்கெல்லாம் சுண்ணாம்பு தின்று சிவந்திருக்கும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டுதான் சோற்றில் கை வைப்பார்.

சுண்ணாம்பின் குணம் ஒன்று உண்டு. கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும்போது அதிலிருந்து கரியமில வாயு வெளியேறுகிறது. சுவரில் பூசிய பிறகு காற்றிலிருந்து அதையே மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு திரும்பவும் கல்லாகிவிடுகிறது. அதனால்தான் வயது ஏற ஏற இறுகும். ஓதம் ஏறினாலும் பூச்சின் வழியாகவே வெளியே போய்விடும். அதே சுவருக்கு மேல் சிமெண்டைப் பூசிப் பாருங்கள். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் செங்கல்லையே அரிக்கும், உப்புப் பூக்கும், பொரிப் பொரியாக உதிரும். இதை நான் சொந்தச் செலவில் கற்றுக்கொண்டேன். அயனாவரத்தில் ஒரு பழைய வீட்டுக்குச் சிமெண்டில் ஒட்டுப் போட்டுக் கொடுத்து, இரண்டு மழைக்குப் பிறகு வீட்டுக்காரம்மா முன்னால் தலைகுனிந்து நின்றவன் நான். காசைத் திருப்பிக் கொடுத்தேன்.

இதில் கால் பங்கைத்தான் அன்று அங்கே சொன்னேன். தம்பி கேட்டுக்கொண்டார், சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதியும் கொண்டார். ஆனால் அடுத்து, "அந்தக் காலத்தில் இந்த மாதிரிக் கட்டடத்தை முட்டையையும் வெல்லத்தையும் கலந்துதான் கட்டினார்கள்" என்றார். முட்டை வெள்ளைக்கரு, காசுள்ள வீட்டின் கடைசிப் பூச்சுக்கு, பளபளப்புக்காகச் சேர்ப்பது. மூன்று தளம், இருநூற்றைம்பது அடிக்கு மேல் நீளம், நூறடிக்கு மேல் அகலம். இதன் சாந்து முழுவதற்கும் முட்டை என்றால் மதராஸ் ராஜதானியின் கோழிகள் போதாது. அதையும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், தம்பியும் சிரித்தார். இதன் பிறகு அவர் என்னை 'சார்' என்பதை விட்டுவிட்டு 'ஐயா' என்று அழைக்கத் தொடங்கினார்.

இனி கட்டடத்தின் தோற்றம். சுற்றிலும் இருப்பவை எல்லாம் சிவப்பு. கிழக்கே சென்ட்ரல் ரயில் நிலையம், 1873. பக்கத்திலேயே விக்டோரியா பொதுக் கூடம், சிஷோம் என்ற வெள்ளைக்காரக் கட்டடக் கலைஞர் வரைந்து, ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார் கட்டியது. இந்தப் பக்கம் 1908இல் திறந்த எழும்பூர் நிலையம், அந்தப் பக்கம் 1892இல் முடிந்த உயர் நீதிமன்றம். சிவப்புச் செங்கல்லும், கும்பமும், மொகலாய வளைவுமாக அரை நூற்றாண்டு சென்னை கட்டிக்கொண்டிருந்தது. அந்த வரிசையில் ஜி.எஸ்.டி. ஹாரிஸ் என்பவர் வந்து, இதை வெள்ளையாக, ஐரோப்பியப் பாணியில் வரைந்திருக்கிறார். கோதிக், அயோனிக், கொரிந்தியன் மூன்றும் கலந்தது என்று தம்பி சொன்னார். சொன்னதோடு சரி. தூணின் தலையைக் காட்டி எது எது என்று சொன்னால்தானே மனதில் நிற்கும்?

நான் சொல்கிறேன், போகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தூணின் தலையில் ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் சுருண்டிருந்தால் அயோனிக். இலை இலையாக மடங்கி விரிந்திருந்தால் கொரிந்தியன். அந்த இலை கிரேக்க நாட்டு முள்ளிச் செடியின் இலை. அந்தச் செடிக்கு நம் ஊரிலும் பங்காளி உண்டு. பிச்சாவரத்துச் சதுப்பில் முள்ளோடு நிற்குமே கழுதைமுள்ளி, அது அதே இனம். கிரேக்கத்துச் செடியைப் பார்த்திராத கொத்தனார், படத்தை மட்டும் வைத்துக்கொண்டு சாந்தில் அந்த இலையை எடுக்க வேண்டுமென்றால் எதை நினைத்துக்கொண்டு எடுத்திருப்பார் என்று நான் வெகு நேரம் அண்ணாந்து பார்த்தேன். கழுத்து வலித்தது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், முகப்பு கொஞ்சம் கல்யாணப் பந்தி இலை மாதிரி. எல்லாப் பதார்த்தமும் உண்டு. எதை முதலில் தொடுவது என்று தெரியாது. உயர் நீதிமன்றத்தின் அழகு இதற்கு இல்லை. ஆனால் அந்த வளைவு வரிசை இருக்கிறதே, அதில் குறை சொல்ல முடியாது. வளைவு என்பது ஒன்றையொன்று விழவிடாமல் நெருக்கிக்கொண்டு நிற்கும் செங்கற்கள். ஒரு வளைவின் அழுத்தத்தைப் பக்கத்து வளைவு வாங்கிக்கொள்ளும். கடைசியில் மூலையில் கனமான சுவர் நின்று தாங்கும். வரிசையில் ஒன்று அரை அங்குலம் இறங்கியிருந்தாலும் என் கண்ணில் பட்டிருக்கும். கண்ணை ஒருக்களித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நூல் பிடித்த மாதிரிப் பார்த்தேன். நூறு வருடம் தாண்டியும் மட்டம் தப்பவில்லை.

கட்டியவர் லோகநாத முதலியார். மொத்தச் செலவு ஏழரை லட்சம் ரூபாய். அதில் அவருக்குக் கொடுத்தது ஐந்தரை லட்சம். இதையும் தம்பி சொன்னார், பாராட்டுகிறேன். ஆனால் மூன்று பிரபுக்களுக்கும் அரை மணி நேரம், முதலியாருக்கு அரை வாக்கியம். குத்தகை எடுத்துப் பிழைத்தவன் என்ற முறையில் எனக்கு அந்த ஐந்தரை லட்சத்தைப் பற்றித்தான் கேட்க வேண்டியிருந்தது. செங்கல் எந்தச் சூளையில், சாரத்துக்குச் சவுக்கு எங்கிருந்து, சனிக்கிழமைக் கூலி எந்த மரத்தடியில்.

உள்ளே போக அனுமதி வாங்கியிருந்தார்கள். மாமன்றக் கூடத்தைக் காட்டுவோம் என்று பதிவில் எழுதியிருந்தது. போனபோது அனுமதி கீழ்த்தள நடைக்கும் படிக்கட்டுக்கும் மட்டும்தான் என்றார்கள். இதை முன்கூட்டியே தெரிவித்திருக்கலாம். இருநூறு வார்டுகளின் உறுப்பினர்கள் உட்காரும் இடத்தைப் பார்க்கலாம் என்றுதான் பாதிப் பேர் வந்திருந்தார்கள். கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் முகம் தொங்கிப்போனது.

உள்ளே நுழைந்ததும் முதலில் தெரிவது குளிர்ச்சி. கனமான சுவர், உயரமான கூரை, வெயிலைச் சுவரோடு சேரவிடாத தாழ்வாரம். தரை பளிங்கு. முதலில் போட்டிருந்தது கடப்பைக் கல், பின்னால் மாற்றிவிட்டார்கள். எனக்குக் கடப்பைதான் பிடிக்கும். வெள்ளைச் சுவருக்குக் கறுப்புத் தரை, கண்ணுக்கு மை இட்ட மாதிரி இருந்திருக்கும். பளிங்கு வழுக்கும் வேறு. என் வயதுக்காரர்கள் ரப்பர் செருப்பில் போக வேண்டாம்.

மேலே தேக்கு உத்தரங்கள். அந்தக் காலச் சென்னையில் தேக்கு உத்தரம் என்றாலே அதன் மேல் மெட்ராஸ் டெரஸ் தளம்தான் வழக்கம். உத்தரத்துக்கு உத்தரம் மெல்லிய செங்கல்லை நெட்டுக்குத்தாக, மூலைவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பு வைத்து ஒட்டுவார்கள். அடியில் பலகை எதுவும் முட்டுக் கொடுப்பதில்லை. சாந்தின் பிடியிலேயே செங்கல் நிற்கும். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். ஒருத்தி பாட, மற்றவர்கள் கட்டையால் தாளம் போடுவது போல இருக்கும். சத்தம் மாறுவதை வைத்துத்தான் தளம் இறுகிவிட்டது என்று மேஸ்திரி சொல்வார். இன்றைக்கு அந்தத் தளத்தைப் போடத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எனக்கும் பார்த்த பழக்கம்தான்; போட்டதில்லை.

கடிகாரம். நூற்று முப்பது அடிக்கு மேல் உயரும் கோபுரத்தில், எட்டு அடி விட்டமுள்ள முகம். 1913இல் ஓக்ஸ் கம்பெனி பொருத்தியது; மணிகளை வார்த்தது இங்கிலாந்தின் கில்லெட் அண்ட் ஜான்ஸ்டன். சாவி கொடுத்து ஓடுவது, தினமும் கொடுக்க வேண்டும். கால் மணிக்கு ஒரு தடவை, லண்டன் பிக் பென் கடிகாரம் அடிக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் மெட்டில் ஒலிப்பது. கோபுரத்தில் ஏற அனுமதி இல்லை, எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் எட்டு மணி அடிக்கும் நேரத்தில் எல்லோரையும் பேசாமல் நிற்கச் சொல்லியிருக்க வேண்டாமா? தம்பி அப்போது கடிகாரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். ஒரு பஸ்ஸின் ஹாரனும் அவர் குரலும் போக, மிச்சம் இருந்த மணியைத்தான் கேட்டோம்.

வெளியே வந்ததும் சர் பிட்டி தியாகராயர் சிலை. வழிகாட்டி அதைக் கடந்து போகப் பார்த்தார். அந்த ஆசிரியை அம்மா விடவில்லை. மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920இல், ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டவர் இவர் என்று சொன்னார். தலைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல். "நான் முப்பத்தோரு வருடம் சத்துணவு வரிசையை மேற்பார்த்தவள், அந்த வரிசை இந்தக் கட்டடத்தில்தான் தொடங்கியது" என்றார். எல்லோரும் ஒரு நிமிடம் அந்தச் சிலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெள்ளுடை வேந்தர் என்று அவரை அழைப்பார்கள். அன்றைய நடைப்பயணத்தின் சிறந்த பகுதியைக் காசு கட்டி வந்த ஒருவர் நடத்திக் கொடுத்தார் என்பதைக் குழு கவனிக்க வேண்டும். 1957இல் தாரா செரியன் இங்கே முதல் பெண் மேயராக உட்கார்ந்ததையும் அவர்தான் சொன்னார்.

இரண்டு மணி நேரம் என்று சொன்னார்கள், ஒன்றே முக்கால் மணியில் முடிந்தது. நடுவில் உட்கார ஓரிடம் இல்லை. தண்ணீர் நாமே கொண்டு போக வேண்டும். கழிப்பறைக்கு மெட்ரோ நிலையம்தான் வசதி. தொடங்கும் முன் போய்விடுங்கள். முடிவில் ஒரு காகிதம் கொடுத்தார்கள். தேதிகளும் படமும் அச்சு அழகாக இருந்தன. 'வெள்ளைக் கல்' என்று அதிலும் இருந்தது. பேனாவால் அடித்துத் திருத்தித் தம்பியிடமே திருப்பிக் கொடுத்தேன்.

யார் போகலாம் என்றால், பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தாராளமாகப் போகலாம். வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஹார்டிஞ்ச் கதைக்காகவே போகலாம். கட்டடக் கலை படிக்கும் மாணவர்கள் இவர்களை நம்பிப் போக வேண்டாம். தனியாக, தை மாசிக் காலையில், சாலையின் எதிர்ப்புறம் அரை மணி நேரம் நின்றால் அதிகம் தெரியும், காசும் மிச்சம். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்காமல், கையில் ஒரு ஒலிபெருக்கியும் இருந்தால் 500 ரூபாய் நியாயம். இப்போதைய நிலையில் முந்நூறு கொடுக்கலாம். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அதில் அரை நட்சத்திரம் ஆசிரியை அம்மாவுக்கு.

எழுதி முடிக்கும் முன் ஒரு செய்தி. நாலு நாள் கழித்துத் தம்பி தொலைபேசியில் அழைத்தார். அடுத்த மாதக் கூட்டத்துக்குச் சுண்ணாம்பை நீற்றிக் காட்டலாம் என்று நினைக்கிறாராம். சுட்ட கிளிஞ்சல் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். பழவேற்காட்டுப் பக்கம் விசாரிக்கச் சொன்னேன். மறக்காமல் இன்னொன்றும் சொன்னேன்: முதலில் தண்ணீர், அதில்தான் சுண்ணாம்பு, மாற்றிச் செய்யக் கூடாது. பிள்ளைகளை ஆறடி தள்ளி நிறுத்த வேண்டும், கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். "நீங்களே வந்துவிடுங்களேன் ஐயா" என்றார். டிக்கெட் கேட்க மாட்டீர்கள்தானே என்று உறுதி செய்துகொண்டு, சரி என்று சொல்லியிருக்கிறேன்.